ஓடுகிற கம்ப்யூட்டரில் கை வைத்தவன்

லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: கெடுத்தவனையேதான் சரிசெய்யவும் கூப்பிடுவார்கள், ஏனென்றால் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது.

கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதியில் ஒரு பேக்கரியின் மாடியில் உட்கார்ந்துகொண்டு பதினைந்து வருடமாக இந்த வசதியை நான் அனுபவித்து வருகிறேன். இதே தொழிலில் வெந்து நொந்த உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள்களில் ஒன்று; அது ஓடுகிற கம்ப்யூட்டருக்குள் 'ஆப்ட்' என்று ஒன்று இருக்கிறது. கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவர் மாதிரி. எந்த மென்பொருள் உள்ளே வந்தது, எது எதை நம்பி இருக்கிறது, எதை எடுத்தால் எது பட்டினி கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் கையால் வாங்கிப் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அவரிடம் இருப்பது எப்போதும் ஒன்றிரண்டு பதிப்பு பழையதாக இருக்கும். புதுசுதான் வேண்டும் என்றால் மூலநிரலை இறக்கி நாமே கட்டி ஏற்றலாம். அப்படிக் கையால் ஏற்றுவதை வைத்துக்கொள்ள 'லோக்கல்' என்று தனி அறையே ஒதுக்கியிருக்கிறார்கள்.

என்னுடைய வியாதி என்னவென்றால், எனக்குப் பழசு ஆகாது. தனி அறைக்குப் போகச் சோம்பேறித்தனம். சோமனூரில் முத்துசாமி அண்ணனின் தறிப்பட்டறையில் இந்த வியாதி முற்றி, அவருடைய மகளின் இரண்டு வருட உழைப்பு ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்படியே நின்றுபோனது. அந்தப் பட்டறை இன்னும் என் வாடிக்கைதான். எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு முன்னால் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கணபதியில் திறக்காத ஜன்னல்

எங்கள் தெருவிலேயே பம்புக்கு உதிரிபாகம் கடைகிற ஒரு பட்டறை. முதலாளி நடராஜ், எந்நேரமும் கையில் கிரீஸ். படம் வரைகிற கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன மென்பொருள் கேட்டார். அதற்குப் பைத்தான் மொழியின் புதுப் பதிப்பு வேண்டியிருந்தது. கட்டி ஏற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். 'இனிமேல் இந்தக் கம்ப்யூட்டரில் பைத்தான் என்றால் இதுதான்' என்று பழையதின் பெயர்ப்பலகையை எடுத்துப் புதியதற்கு மாட்டிவிட்டுக் கம்பீரமாக வீட்டுக்குப் போனேன்.

கம்ப்யூட்டரோடு வந்த பழைய பைத்தானை நம்பித்தான் ஆப்ட்டின் கூட்டாளிகள் பாதிப்பேர் பிழைக்கிறார்கள். உக்கிராணக்காரரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடுத்த வீட்டுக்காரரின் கண்ணாடியை மாட்டிவிட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் கட்டளை கொடுக்கும் கறுப்பு ஜன்னலே திறக்கவில்லை. அது திறந்தால்தானே சரிசெய்வதற்குக் கட்டளை கொடுக்க முடியும்? மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வேறு வழியாக உள்ளே போகலாம் என்பது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அதுவரை நடராஜ் கடைசலை நிறுத்திவிட்டு, கைகட்டி என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். எல்லாம் முடிந்ததும் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க, நேத்தே நல்லாத்தானுங்களே இருந்துச்சு, இன்னும் நல்லாப் பண்ணிப்போட்டீங்களாக்கும்?"

அன்னூர் எடைமேடை

அன்னூர் ரோட்டில் லாரிகளுக்கு எடை போடும் மேடை ஒன்று. அங்கே ரசீது அடிக்கிற பிரிண்டருக்கு, எங்கேயோ இணையத்தில் பிடித்த ஒரு பழைய மென்பொருள் பொட்டலத்தை ஏற்றப் பார்த்தேன். இதை உள்ளே விட்டால் இன்னின்னதெல்லாம் வெளியே போக வேண்டிவரும் என்று ஆப்ட் ஒரு பெரிய பட்டியல் போட்டது. பட்டியல் திரையைத் தாண்டி மேலே ஓடியது. நான் கடைசி வரியை மட்டும் படித்தேன். சம்மதம் என்றால் 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருள் வரும் முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் டைப் அடிக்கச் சொன்னது. சும்மா ஒரு 'ஒய்' தட்டினால் போதாதாம். இவ்வளவு தூரம் கேட்கிறதே, ஏதோ விஷயம் இருக்கும் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்ற வேண்டும் அல்லவா? எனக்கு எழுத்துப்பிழை வரக்கூடாதே என்ற கவலைதான் இருந்தது. ஆச்சரியக்குறி உட்படப் பிழையில்லாமல் அடித்தேன்.

சொன்னதைச் செய்தது. ஐகான்கள், மெனு, மவுஸ் அம்பு என்று கண்ணுக்குத் தெரிகிற அத்தனையையும் மூட்டை கட்டி வெளியே அனுப்பிவிட்டு, கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேடையில் மக்காச்சோளம் ஏற்றிய ஒரு லாரி. அதற்குப் பின்னால் நான்கு. முதல் லாரிக்காரர் இறங்கி வந்து ஜன்னல் வழியாக என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்: "ஏனுங்க, எங்க வண்டிய விடக் கம்ப்யூட்டருல பாரம் எச்சா ஏத்திப்போட்டீங்களாக்கும்?"

டீச்சரின் நோட்டு

என்னோடு வேலை செய்பவர் ஸ்டெல்லா. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பெரியவர் என்றாலும் என்னை 'சார்' என்பார். நான் அவரை 'டீச்சர்' என்பேன். எங்கள் ஆபீசில் ஒரு முதலாளி இருக்கிறார் என்பது அந்த 'சார்' என்ற ஒரு சொல்லில் மட்டும்தான் தெரியும். எந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் தொடுவதற்கு முன்னால் ஒரு நீல நோட்டில் எழுதுவார். என்ன இருந்தது, எதை ஏற்றினோம், எங்கே வைத்தோம். நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். எனக்குத்தான் எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கிறதே.

அன்னூரிலிருந்து திரும்பிய அன்று நோட்டு மேஜையில் இருந்தது. முதல்முறையாக அட்டையைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஆப்ட் வழியாகப் போட்டது ஒரு பகுதி. இன்னொரு பகுதிக்கு அழகான கையெழுத்தில் தலைப்பு: 'சார் கை வெச்சது.' முதல் பகுதி நாலு பக்கம். இரண்டாவது பகுதிக்கு நோட்டு போதாமல் பின்னட்டையிலும் எழுதியிருந்தார். நான் கோபித்துக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பேச்சை அன்னூர்ப் பக்கம் திருப்பினார்: "அந்த 'நான் சொல்றதைச் செய்'யில கடைசியா ஒரு 'ங்க' சேத்து அடிச்சிருந்தா, கம்ப்யூட்டரு தப்புன்னு சொல்லி நிறுத்தியிருக்குங்க சார்."

உங்க இஷ்டமுங்க

இனி சோமனூர். முத்துசாமி அண்ணனுடைய ஷெட்டில் எல்லாத் தறியிலும் சாயமோ டிசைனோ இல்லாத வெறும் காடா துணிதான் ஓடும். அவர் மகள் கவிதா துணி வடிவமைப்பு படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். இரண்டு வருடம் அப்பாவிடம் மன்றாடி, ஒரே ஒரு தறியில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு ஏற்றினாள். அட்டையில் ஓட்டை குத்தி டிசைன் போட்ட காலம் போய், கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே தறி நெய்யும். அந்த மென்பொருளைக் கட்டி ஏற்றியவன் நான். அந்தப் பக்கத்தில் வேறு எவரிடமும் அது இல்லை. சோளக்கதிர்கள் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிற மாதிரி ஒரு பார்டர், அவளே வரைந்தது. திங்கட்கிழமை காலையில் கரூரிலிருந்து ஏற்றுமதிக்காரர் ஒருவர் மாதிரித் துணியைப் பார்க்க வருகிறார். பிடித்தால் அந்தத் தறியில் ஜக்கார்டு நிலைக்கும். இல்லையென்றால் ஜக்கார்டை இறக்கிவிட்டு அதிலும் காடாவே போட்டுக்கொள்வது என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் ஒப்பந்தம்.

சனிக்கிழமை அந்த வழியாகப் போனவன் சும்மா எட்டிப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஷெட்டில் ஒரு தறியின் மேல் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அது அவர்கள் பழக்கம். பாவு, அதாவது நீளவாட்டு நூல், நன்றாக ஓடுகிற தறியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால், அது முடிகிறவரை தறியைப் பழுதுபார்க்கிற பிட்டர் உட்பட யாரும் கை வைக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக 'தொடாதே' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால் துணியை விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். இதை முத்துசாமி அண்ணன் எனக்கு விளக்கினார், நானும் 'அருமையான ஏற்பாடுங்க' என்றேன். சொல்லிவிட்டு நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மென்பொருள் இரண்டு பதிப்பு பழையதாக இருந்தது. "புதுசு ஏத்திப்போடலாமுங்களா அம்மணி? பார்டர் மூலை இன்னும் சுத்தமா வருமுங்க," என்றேன். "நல்லா ஓடிட்டுத்தானுங்க இருக்குது," என்றாள். பத்தே நிமிஷமுங்க என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க இஷ்டமுங்க," என்றாள். நானும் இந்த ஊர்க்காரன்தான். எங்கள் ஊரில் 'உங்க இஷ்டமுங்க' என்றால் 'தயவுசெய்து வேண்டாம்' என்று அர்த்தம் என எனக்குத் தெரியாதா? தெரியும். பத்து நிமிஷ ஆசை காதை அடைத்துவிட்டது.

புதுப் பதிப்புக்குப் புது லைப்ரரி, அதாவது பல மென்பொருள்கள் பங்குபோட்டுக்கொள்கிற துணை நிரல் தொகுப்பு, ஒன்று தேவைப்பட்டது. அதையும் கட்டினேன். தனி அறைக்கு அனுப்பாமல், பழையது இருந்த இடத்திலேயே அதன் மேல் ஏற்றினேன். அது கம்ப்யூட்டரில் எல்லாரும் பொதுவாகத் தண்ணீர் குடிக்கிற கிணறு. டிசைனைத் தறிக்கு அனுப்புகிற நிரல் விழுந்தது. சரி, ஆப்ட்டைக் கூப்பிட்டுப் பழையதைத் திரும்பக் கேட்கலாம் என்றால், ஆப்ட்டும் அதே கிணற்றில் குடிக்கிறவர். அவரும் விழுந்து கிடந்தார். நான் பதற்றத்தில் இன்னும் நாலு கட்டளை அடித்தேன்; கம்ப்யூட்டரே கிளம்ப மறுத்தது. ஜக்கார்டு தறி நின்றது. மற்ற தறிகளின் சத்தத்தில் அந்த ஒரு தறியின் அமைதி எனக்கு நன்றாகக் கேட்டது. முத்துசாமி அண்ணன் வந்து பார்த்தார். என்னைத் தாண்டிப் போனார். மகளின் தோளில் கை வைத்துச் சொன்னார்: "வெசனப்படாத கண்ணு, திங்கக்கெழம காடா பாவையே ஏத்திப்போடலாம்."

ஒறம்பரை

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எங்கள் ஊரில் அந்த உதவியை எவரும் செய்ய மாட்டார்கள். "மொதல்ல சாப்புடுங்க தம்பி," என்று வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் இலை போட்டார்கள். முத்துசாமி அண்ணனின் மனைவி ருக்குமணி அக்கா பரிமாறினார். கவிதா சாப்பிட வரவில்லை. ஷெட்டிலேயே நின்ற தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அந்தப் பெண்ணின் இரண்டு வருடத்தை நான் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன், யாரும் கேட்காமல்.

என்னதான் ஆச்சு என்று அக்கா கேட்டார். சாதத்தைப் பிசைந்துகொண்டே விளக்கினேன். வெளியிலிருந்து வருகிற மென்பொருளை வைக்கத் தனி இடம் உண்டு, நான் அதை அங்கே வைக்காமல், கம்ப்யூட்டர் தன் சொந்தப் பிழைப்புக்கு வைத்திருக்கிற இடத்தில் வைத்துவிட்டேன் என்றேன். கம்ப்யூட்டர் தொடாத அக்காவுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஏந் தம்பி, ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்குன்னு தனி ரூம் இருக்கையில, அவங்களைக் கொண்டுபோயிச் சமையக்கட்டுலயா படுக்க வெச்சீங்க?"

பூசை முடிந்து வந்தவர்

டீச்சருக்குப் போன் செய்தேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார். என்ன ஏற்றினீர்கள்? எங்கே ஏற்றினீர்கள்? மென்பொருளைக் கட்டின போல்டரை அழித்தாயிற்றா? மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு உயிர் வந்தது. வழக்கமாகச் சுத்தம் பார்க்கிறேன் பேர்வழி என்று வேலை முடிந்ததும் அந்தப் போல்டரை அழித்துவிடுவேன். அன்று வேலை முடியவே இல்லையே, அதனால் தப்பித்தது. எந்தக் கோப்பை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்கிற பட்டியல் அதற்குள் இருக்கும். "இனி எதையும் தொடாதீங்க சார். கையக் கட்டிட்டு இருங்க," என்றார். டீச்சர் கோயமுத்தூர்க்காரர் இல்லையோ என்று எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், கோவிலுக்குக் கட்டிய அதே பட்டுப்புடவையில் சோமனூர் பஸ் பிடித்து வந்தார். கைப்பையில் ஜெபமாலை, நீல நோட்டு, ஒரு பென்டிரைவ். அந்தப் பென்டிரைவுக்குள்ளேயே ஒரு லினக்ஸ் இருக்கிறது. விழுந்து கிடக்கும் கம்ப்யூட்டரை அதை வைத்துக் கிளப்பி உள்ளே போகலாம். நான் பட்டியலைப் படிக்க, அவர் ஒவ்வொரு கோப்பாக எடுத்துவிட்டு நோட்டில் பென்சிலால் டிக் அடித்தார். மொத்தப் பட்டியலையும் ஒரேயடியாக அழித்துவிடலாமே என்று வாய் திறந்தேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். பென்டிரைவிலிருந்த பழைய லைப்ரரியை அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கிளப்பினார். கிளம்பியது. ஆப்ட்டைக் கூப்பிட்டார். பதில் வந்தது. அந்த லைப்ரரியை ஆப்ட் கையாலேயே இன்னொரு தரம் முறையாகப் போட வைத்தார். டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பைக் கடைசியாக, 'லோக்கல்' அறையில், ஒறம்பரைக்கு உரிய மரியாதையோடு வைத்தார்.

மூன்று மணிக்குத் தறி கிளம்பியது. முதல் சாண் வெறும் கோடாக வந்தது. அடுத்த சாணில் கதிரின் தாள் தெரிந்தது, அப்புறம் கதிர், அப்புறம் அது சாய்ந்தது. நடுவில் ஒரு நூல் அறுந்தபோது கவிதா ஓடிப்போய் முடிச்சுப் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சுத் தூசி என்று சொல்லிக்கொண்டேன். அவளிடம் போய் மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மணி என்றேன். நெய்து வருகிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்: "நேத்து நானே 'வேண்டாமுங்க'ன்னு சொல்லியிருக்கோணுமுங்க, வாய் வரலீங்க."

சிவப்புத் துணி

திங்கட்கிழமை மத்தியானம் போனேன். இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள், நேரில் ஒரு வார்த்தை சொல்லி விடைபெறுவதுதான் மரியாதை என்று நினைத்துத்தான் போனேன். கரூர்க்காரர் வந்து போயிருந்தார். சோளக்கதிர் அவருக்குப் பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு நிறத்தில் நெய்து காட்டச் சொல்லியிருக்கிறார். கவிதா அடுத்த நிறத்துக்கு நூல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டடி நகர்ந்து, எனக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். மானிட்டரின் நெற்றியில் இரண்டு முடிச்சுப் போட்டு ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. எங்கள் தொழிலிலும் இதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. இன்ன பதிப்பு இப்படியே இருக்கட்டும், யாரும் மாற்றாதே என்று ஆப்ட்டிடம் சொல்லி வைக்கலாம். முந்தின நாளே டீச்சர் அதை உள்ளே கட்டியிருந்தார். முத்துசாமி அண்ணன் வெளியிலும் கட்டிவிட்டார். நான் துணியைப் பார்ப்பதை அவர் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் மனசு நோகக்கூடாதே என்று பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, காப்பிக்கு எப்ப வேணுமின்னாலும் வாங்க, இது உங்க ஊடு மாதர, கம்ப்யூட்டருக்கு மட்டும் டீச்சரம்மாவ அனுப்பிச்சுப்போடுங்க."

அதன்படியே மாதம் ஒருமுறை நாங்கள் இருவரும் தவறாமல் சோமனூர் போகிறோம்: டீச்சர் வேலை பார்க்கிறார், நான் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு காப்பி குடிக்கிறேன்.